பாடசாலை மறுசீரமைப்பு: ஊர்ப் பெற்றோர் மனுக்கொடுப்பது எப்படி

பாடத்திட்டம் மாறப்போகிறது என்றால் கூட்டம் கூடும், சத்தம் போடுவோம், இரண்டு கிழமையில் ஆறிவிடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் இதுதான் வழக்கமாகிவிட்டது. வலயக் கல்விப் பணிமனையில் பதில் எழுதியே ஆகவேண்டிய நிலையை உண்டாக்குவது, எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கழிக்கவும் வருகிறது என்ற எண்களோடு போகும் இரண்டு பக்க மனு. அதைத் தயாரிக்கும் வழி இது.

முதலில் நிலைப்பாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முதற்பொறுப்பு பெற்றோர். பாடசாலை அவர்களுக்குத் துணை. நன்றாக நடப்பதை மாற்ற விரும்புகிறவர்தான் அதற்குக் காரணம் காட்டவேண்டும். எழுத்தும் எண்ணும் உறுதியாகாமல் அதன்மேல் எதையும் ஏற்றக்கூடாது. இது ஊருக்குப் புதிதல்ல. 1814 இல் மட்டக்களப்பில் மெதடிஸ்த மிசனார் தொடங்கிய பள்ளியும், 1929 இல் விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்தா வித்தியாலயமும் கல்வியையும் சமய ஒழுக்கத்தையும் ஒன்றாகவே வைத்தன. 1945 இல் வந்த இலவசக் கல்வி பெரும் பேறு. அதைக் காப்பது நம் கடமை. ஆனால் 1960 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பிறகு, ஊரவர் பரிசளிப்பு விழாவுக்கு வரும் விருந்தாளிகளாகச் சுருங்கிப்போனோம். அந்த இடத்தைத் திரும்பப் பெறுவதற்குத்தான் இந்த வேலை.

கணக்கெடுப்பை வீட்டுத் திண்ணையில் வையுங்கள். தரம் 3 பிள்ளைகள் பத்துப் பேர் போதும். தரம் 2 தமிழ்ப் புத்தகத்தில் 60 சொல் அளவுள்ள பகுதி ஒன்றைப் படமில்லாமல் வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதுங்கள். “மகள், இதை வாசிங்க பாப்பம்” என்று சொல்லி, ஒரு நிமிடம் பாருங்கள். பிழைத்த சொல்லுக்குக் கீழே கோடு. அந்த நேரத்தில் திருத்தவும் வேண்டாம், முகம் சுழிக்கவும் வேண்டாம். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் பிழைத்தால் அந்தப் பகுதி அந்தப் பிள்ளைக்குக் கூடுதலான பாரம்.

இங்கே ஏமாறுவது சுலபம். பாடத்தை மனனம் செய்த பிள்ளை கண்ணைத் தாளில் வைக்காமலே கடகடவென்று ஒப்புவிக்கும். கேட்பவருக்கு வாசிப்பது போலவே இருக்கும். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேளுங்கள். அல்லது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கவிடுங்கள். ஆத்திசூடியும் வாய்பாடும் மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும். வாசிப்பு மனப்பாடமாக இருக்கக்கூடாது. கெ–கே, கொ–கோ தடுமாற்றம் எந்தப் பிள்ளைக்கு, ல–ள–ழ சொல்வதெழுதலில் மட்டும் பிழைப்பது எந்தப் பிள்ளைக்கு என்று தனித்தனியே குறியுங்கள். முன்னது எழுத்து பிடிபடாத குறை. பின்னது பழக்கக் குறை, கொப்பி எழுதினால் தீரும்.

தரம் 5 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கழித்தல் போதும்: 402 − 178. விடை 224. 376 என்று எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்கவே தெரியாது. 234 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், நடுவிலிருந்த பூச்சியம் பத்தாகி ஒன்று கொடுத்தபின் ஒன்பது ஆகிவிடும் என்பதை மறந்துவிட்டது. இரண்டாமவரைப் பத்து நிமிடத்தில் திருத்தலாம். முதலாமவர் தரம் 3 பாடத்துக்குத் திரும்பவேண்டும். புலமைப்பரிசில் ரியூசனுக்குக் காசு கட்டுமுன் இந்த வேறுபாட்டைப் பாருங்கள்.

பிறகு மனு. பிள்ளையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் எங்கும் வரக்கூடாது. பெயர் வந்தால் அது முறைப்பாடாகும், ஆசிரியர் மனம் நோவார், அதிபர் அவருக்குக் காவல் நிற்பார், வாசிப்பை எல்லாரும் மறப்பார்கள். முதற்பக்கத்தில் எண்கள் மட்டும்: இத்தனை பேரில் இத்தனை பேர். இரண்டாம் பக்கத்தில் மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். காலையின் முதற்பாடவேளை தமிழுக்கும் கணிதத்துக்கும், வெள்ளத்தில் போன நாட்களுக்கு ஈடு, ஞாயிறு காலை அறநெறி வகுப்பு நேரத்தில் ரியூசன் இல்லை என்பவை போல. கார்த்திகை, மார்கழி மழையில் எத்தனை நாள் போனது என்பதை வரவுப் பதிவேட்டிலிருந்து கேட்டு எழுதுங்கள், உத்தேசமாக எழுதாதீர்கள். அரசியல்வாதியின் கடிதத்தை இணைத்தால் அடுத்த தேர்தலோடு மனுவும் போகும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றியபின் அதிபர் ஊடாக அனுப்புங்கள். எங்கே அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மாகாணப் பாடசாலையென்றால் பட்டிருப்பு, கல்குடா, கல்முனை, திருக்கோவில் என்று உங்கள் வலயப் பணிமனை, அதற்குமேல் திருகோணமலையிலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களம். தேசிய பாடசாலையென்றால் பத்தரமுல்லை இசுறுபாயவிலுள்ள கல்வி அமைச்சு. பாடவிதானம் பற்றிய குறை மகரகம தேசிய கல்வி நிறுவகத்துக்கு. வலயப் பணிப்பாளரிடம் பாடநூலை மாற்றச் சொல்வது வீண், அவருக்கு அந்த அதிகாரமில்லை.

புதிய பாட அலகு கைக்கு வந்தால் ஒவ்வொரு பக்கத்தையும், அச்சான ஒவ்வொரு இணைய முகவரியையும் பெரியவர் ஒருவர் முதலில் திறந்து பாருங்கள். தரம் 6 ஆங்கில அலகில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத இணைய முகவரி இருந்தது வெளியானபின், 2026 இல் தொடங்கவிருந்த தரம் 6 மறுசீரமைப்பு 2027 க்குத் தள்ளிப்போனது. வீட்டில் புத்தகத்தைப் புரட்டுவதன் பெறுமதி அவ்வளவு.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. “ஏன் ஆசிரியர் தரவில்லை?” என்று கேட்டால் பதில் கிடைக்காது, “எங்கள் பாடசாலையின் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எத்தனை, இன்றுள்ளோர் எத்தனை, பாடவாரியாகப் பிரதி தருக” என்று இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதற்கும் பிறகு தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் போகலாம். விண்ணப்பம் கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் நாள் எண்ணத் தொடங்க முடியாது.

அடுத்த தவணை முடிவில் அதே பத்துப் பிள்ளைகளை, வேறு 60 சொற்களில், அதே திண்ணையில் மறுபடி வாசிக்கவிடுங்கள். இரண்டாவது மனுவின் முதற்பக்கம் அந்த எண்தான்.