உப்புக் காற்றில் நிற்கும் வேலைமேசை: பொருள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரையுள்ள கடற்கரையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும், உப்பளங்களின் பம்ப் கொட்டகைகளிலும், துறைமுகத்தை ஒட்டிய ஃபேப்ரிகேஷன் கூடங்களிலும் பெரும்பாலான வேலை வெட்டவெளியிலோ தகரக் கூரையின் கீழோதான் நடக்கிறது. அங்கே போடப்படும் இரும்பு வேலைமேசையின் கால்கள் சில ஆண்டுகளிலேயே அரித்துப்போனால், மலிவான இரும்பை வாங்கிவிட்டோம் என்றே உரிமையாளர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். ஆனால் விலை உயர்ந்த பொருளைப் போட்ட மேசைகளும் அதே இடத்தில் கெட்டுப்போவதைப் பார்க்கலாம். பொருளின் பெயரைக் கேட்டு வாங்குகிறோமே தவிர, அந்த இடத்தில் அதைத் தாக்கப்போவது எது, எந்த மூலையில் தாக்கும் என்று கேட்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.

மழைதான் முதல் எதிரி என்று நம்புவதிலிருந்து தவறுகள் தொடங்குகின்றன. கடலோரத்தில் இரும்பை அரிப்பது மழைநீரைவிட அதன் மேல் படியும் உப்பு. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தொடும்போதுதான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஆனால் கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டு ஈரப்பதத்திலேயே கரைந்துவிடும். கடற்கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் இரும்பின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஏறத்தாழ நாள் முழுவதும் இருந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இந்த உப்பைக் கழுவிவிடுவதால், மழையில் நனையும் மேற்பரப்பு ஓரளவு தப்பிக்கிறது. கூரைக்குக் கீழே பாதுகாப்பாக இருப்பதாக நாம் எண்ணும் மேசையின் அடிப்பக்கமும், தட்டுக்குக் கீழுள்ள ஆங்கிள் சட்டமும், அலமாரியின் பின்புறமும்தான் கழுவப்படாத உப்பைச் சேர்த்துவைத்துக்கொண்டு முதலில் அரிக்கின்றன. கூரை போட்டாயிற்று, இனி சாதாரணப் பெயிண்ட் போதும் என்ற முடிவு கடலோரத்துக்குப் பொருந்தாது.

இடத்தின் கடுமையை அளவிட ஒரு முறை உண்டு. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலை, காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சி.எக்ஸ். என்றும் பிரிக்கிறது; எண் கூடக்கூடக் கடுமை கூடும். சாதாரண இரும்பு முதல் ஆண்டில் மிதமான சி3 சூழலில் 25 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையும், உப்பு மிகுந்த கடலோரம் போன்ற சி5 சூழலில் 80 முதல் 200 மைக்ரான் வரையும் தேயும் என்பது அதன் கணக்கு. உள்நாட்டு நகரம் ஒன்றில் பத்து ஆண்டு நின்ற மேசையைப் பார்த்து அதே அளவில், அதே பொருளில் கடலோரத்துக்கு ஆர்டர் கொடுப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சிக்ரி, மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்துப் பல காலமாக ஆய்வு செய்துவருவதோடு, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையும் வெளியிட்டிருக்கிறது. பெரிய முதலீட்டில் கருவிகளை நிறுவுகிறவர்கள் அத்தகைய தரவுகளைப் பார்த்துவிட்டுப் பொருளைத் தீர்மானிப்பது நல்லது.

இரும்புக்கு மாற்றாகப் பலரும் முதலில் நினைப்பது எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு. அங்கேதான் அதிகப் பணமும் வீணாகிறது. கடையில் எஸ்.எஸ். என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே பொருள் அல்ல. 304 ரகத்தில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் அது உப்பில் உள்ள குளோரைடைத் தாங்கும் ஆற்றல் மிகுந்தது. சந்தையில் ஏராளமாகக் கிடைக்கும் 202 ரகத்தில் விலை உயர்ந்த நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் கைப்பிடிக்கு அது போதுமானதாக இருக்கலாம், கடற்கரைப் பட்டறைக்கு ஆகாது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் 202, 304, 316 மூன்றிலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. வளைத்தும் அழுத்தியும் வேலை செய்த 304 தகட்டின் மூலைகளில் சற்றே ஒட்டவும் செய்யும். ஆகவே காந்தச் சோதனை இந்த ரகங்களுக்கிடையே எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதும், சந்தேகம் இருந்தால் உலோகக் கலவையை அளக்கும் கையடக்கக் கருவி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் ஒரு துண்டைக் காட்டுவதுமே நம்பத்தக்க வழி.

சரியான ரகத்தை வாங்கிய பிறகும் பட்டறையிலேயே அதைக் கெடுத்துவிட முடியும். எஸ்.எஸ். மேசைக்குப் பக்கத்தில் சாதாரண இரும்பைக் கிரைண்டிங் செய்தால் பறக்கும் இரும்புத் துகள்கள் எஸ்.எஸ். பரப்பில் பதிந்து, சில நாட்களில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். இரும்புக் கம்பி பிரஷ்ஷால் எஸ்.எஸ். வெல்டிங்கைத் தேய்ப்பதாலும் இதே விளைவு உண்டாகும். வெல்டிங்கின் சூட்டில் நீலமும் மஞ்சளுமாக நிறம் மாறிய பகுதியில் பாதுகாப்புப் படலம் நலிந்திருக்கும் என்பதால், பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையைப் போட்டு அந்த நிறத்தை நீக்காமல் விட்டால் அரிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். சொரசொரப்பாக முடிக்கப்பட்ட பரப்பைவிட வழவழப்பான பரப்பில் உப்பு குறைவாகவே தங்கும்.

அடுத்தது ஜி.ஐ. பற்றிய குழப்பம். துத்தநாகம் பூசிய எல்லாவற்றையும் நாம் ஜி.ஐ. என்கிறோம், ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பூச்சின் கனம். உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுக்கும் ஹாட் டிப் முறையில், ஐ.எஸ். 4759 தரநிலைப்படி, 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கனமுள்ள இரும்பின் மேல் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் இருக்க வேண்டும். அது ஏறக்குறைய 85 மைக்ரான் கனம். கடையில் சுருளாக வரும் ஜி.ஐ. தகட்டில் 120 என்று குறித்திருந்தால், அது இரு பக்கத்துக்கும் சேர்த்த கிராம் கணக்கு; ஒரு பக்கத்துக்குச் சுமார் 8 மைக்ரான்தான் வரும். மின்முலாம் பூசிய பளபளக்கும் போல்ட்டுகளிலும் பூச்சு பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். சி5 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும் என்று கொண்டால், ஹாட் டிப் செய்த சட்டம் பத்து முதல் இருபது ஆண்டுகள் நிற்கும் இடத்தில், பளபளக்கும் போல்ட்டின் பூச்சு ஓரிரு ஆண்டில் முடிந்துவிடும். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு மீட்டரை வைத்துப் பொருளை வாங்கும்போதே சோதித்துவிடலாம். அதைச் செய்கிறவர்கள் வெகு சிலரே.

ஹாட் டிப் செய்ய முடிவெடுத்தால் அந்த முடிவு வரைபடத்திலேயே தெரிய வேண்டும். தொட்டியின் வெப்பம் ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் என்பதால், இரு முனையும் மூடி வெல்டிங் செய்த சதுரக் குழாய்க்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து குழாயே வெடிக்கக்கூடும். எனவே காற்று வெளியேறவும் துத்தநாகம் உள்ளே சென்று வடியவும் துளைகள் போட வேண்டும். பின்னாளில் உள்ளே சேரும் நீரும் அவற்றின் வழியே வடியும். மேசையின் நீளம் தொட்டிக்குள் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் செய்துவிட்டு, இடத்தில் கொண்டுவந்து வைத்த பிறகு ஒரு கொக்கியையோ வைஸ் பிடிக்கும் தகட்டையோ வெல்டிங் செய்து, எரிந்துபோன துத்தநாகத்தின் மேல் சில்வர் பெயிண்ட் தடவுவது நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம். சில்வர் பெயிண்ட் கறையை மறைக்கும். அங்கே தேவைப்படுவதோ துத்தநாகத் தூள் மிகுந்த ஜிங்க் ரிச் பெயிண்ட்.

மேசை எந்த உலோகம் என்பதைவிட, எந்த உலோகம் எதைத் தொடுகிறது என்பது சில இடங்களில் பெரிய கேள்வி. உப்புநீர்ப் படலம் இருக்கும்போது இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், அவற்றில் எளிதில் வினைபுரியும் உலோகம் தன்னை இழந்து மற்றதைக் காக்கும். அகலமான எஸ்.எஸ். தகட்டைச் சாதாரண இரும்பு போல்ட்டால் முடுக்கினால், அவ்வளவு பெரிய பரப்பின் சுமையும் அந்தச் சிறிய போல்ட்டின் மேல் விழுந்து அது விரைவில் அரித்துப்போகும். ஜி.ஐ. அல்லது அலுமினியச் சட்டத்தில் எஸ்.எஸ். போல்ட் போடும்போது ஆபத்து அவ்வளவு இல்லை. என்றாலும் கடலோரத்தில் நைலான் வாஷரும் குழலும் போட்டு இரண்டையும் பிரித்து வைப்பதே முறை. அலுமினியத்திலும் 5052, 5083 போன்ற ரகங்கள் கடற்காற்றைத் தாங்கும். செம்பு கலந்த 2024 ரகம் வலிமையானதாக இருந்தாலும் இங்கே உதவாது.

பாம்பன் கடலில் 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் பயன்படுத்தினார்கள். வெளியே தெரியும் எஃகுக்குப் பாலிசிலாக்ஸேன் என்ற பாதுகாப்புப் பெயிண்ட் பூச்சைக் கொடுத்து, இணைப்புகளை முழுமையாக வெல்டிங் செய்தார்கள். பாலம் முழுவதையும் விலை உயர்ந்த உலோகத்தால் கட்டிவிடவில்லை. பிறகு திறந்து பார்க்க முடியாத இடத்திலும், நீர் புகுந்து தங்கும் இணைப்புகளிலும் கவனத்தைச் செலுத்தினார்கள். சிறிய வேலைமேசைக்கும் இந்த முறை பொருந்தும். அங்குமிங்கும் விட்டுவிட்டுப் பற்றவைத்த வெல்டிங், முதுகோடு முதுகாகச் சேர்த்த இரண்டு ஆங்கிள்கள், நேராகக் கான்கிரீட்டில் புதைத்த கால் ஆகிய மூன்றும் எந்தப் பொருளில் செய்தாலும் உப்புநீரைப் பிடித்துவைக்கும் இடங்கள்.

பெயிண்ட்டைப் பொறுத்தவரை டப்பாவின் விலையைவிட அடித்தளத் தயாரிப்புதான் முக்கியம். துருவின் மேலும் படிந்த உப்பின் மேலும் ரெட் ஆக்சைடு பூசினால், உப்பு உள்ளிருந்தே ஈரத்தை இழுத்துக் கொப்புளங்களை எழுப்பும். நல்ல தண்ணீரில் கழுவி, மணல் வீச்சால் சுத்தம் செய்து, கூர்மையான விளிம்புகளை உருட்டி, விளிம்புகளுக்குத் தனியாக ஒரு கை கூடுதலாகப் பூசிய பிறகே மொத்தப் பரப்பிலும் பூச வேண்டும். இரும்பின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது அதிகமாக இருக்கும்போதுதான் பூச வேண்டும் என்ற விதி இருப்பதால், கடற்கரையில் விடியற்காலையில் பெயிண்ட் வேலையைத் தொடங்குவது தவறு. எபாக்சி நன்றாக ஒட்டும், ஆனால் வெயிலில் வெளுத்துப் பொடியாகும். அதன் மேல் பாலியூரித்தேன் பூச்சு வேண்டும். ஜி.ஐ. மேல் நேரடியாக எனாமல் அடிப்பது இன்னொரு வழக்கமான தவறு: எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு போன்ற படலமாக மாறுவதால், சில மாதங்களில் பெயிண்ட் தோல் தோலாக உரியும்.

மேசையின் மேல்தட்டுக்கு உலோகம் கட்டாயமில்லை. தேக்கு நல்ல தேர்வுதான், ஆனால் வைரம் பாய்ந்த பகுதிக்கு மட்டுமே அந்தப் பெயர் பொருந்தும். வெள்ளைப் பகுதி சாதாரண மரத்தைப் போலவே உளுத்துப்போகும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் சோதிக்கப்படுகிறது. ஆனால் அந்த முத்திரை அறுத்த விளிம்புக்கும் திருகாணித் துளைக்கும் பாதுகாப்புத் தருவதில்லை, அவற்றை எபாக்சியால் அடைத்தே ஆக வேண்டும். எச்.டி.பி.இ. என்ற அடர்த்தியான பிளாஸ்டிக் பலகை உப்புக்கு அஞ்சாது; வெயிலுக்குக் கார்பன் கறுப்பு சேர்த்த கறுப்புப் பலகையே தாங்கும். அதன் விரிவு பலருக்கும் தெரிவதில்லை: 2 மீட்டர் நீளப் பலகை, 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. ஆகவே போல்ட் துளைகளை நீள்துளைகளாக வெட்டாவிட்டால் பலகை முதுகு வளைந்துவிடும். வெல்டிங் செய்யும் மேசைக்கு இது எப்படியும் ஆகாது. மலிவாகக் கிடைக்கும் கடப்பாக் கல் வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாது, ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை என்பதால் பேட்டரி அமிலம் சிந்தும் இடத்தில் கரையும். அங்கே கிரானைட்டைப் போட வேண்டும். சுத்தியல் வேலைக்கு இரண்டுமே உதவாது.

மோட்டார், மின் பேனல் போன்ற கருவிகளை வாங்கும்போது, தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் அளவைக் குறிக்கும் ஐ.பி. எண்ணை முழுப் பாதுகாப்பாகப் படிப்பதும் தவறே. ஐ.பி. 66 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் நீர் புகாது என்று மட்டுமே பொருள். வெயிலில் ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடிப்பதைப் பற்றியோ, உப்பில் பெட்டியின் கீல் அரிப்பதைப் பற்றியோ அந்த எண் எதுவும் சொல்வதில்லை. பகலில் சூடேறிய பேனலின் மேல் திடீரென மழை பெய்தால் உள்ளே காற்று சுருங்கி, ஈரக் காற்றைக் கேபிள் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். எனவே காற்றை விட்டு நீரைத் தடுக்கும் பிரீதர் ஒன்றைப் பொருத்தி, கேபிள்களைக் கீழ்ப்பக்கமாக நுழைப்பது அவசியம். மோட்டாரைச் செங்குத்தாகவோ சுவரிலோ பொருத்தும்போது, தரையில் வைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட வடிதுளை அடிப்புறத்தில் இல்லாமல் பக்கவாட்டில் போய்விடும். எப்படிப் பொருத்தப்போகிறோம் என்பதை ஆர்டரிலேயே எழுதினால் துளையைச் சரியான இடத்தில் வாங்கலாம்.

மழை படாத அடிப்பக்கங்களை மாதம் ஒருமுறையாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று சொன்னால், உடனே போர் மோட்டாரைப் போட்டுவிடுகிறார்கள். கடலோரப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பானது என்பதால், அதில் கழுவினால் காய்ந்த பிறகு முன்பிருந்ததைவிட அதிக உப்பு தங்கக்கூடும். கூரையிலிருந்து பிடித்துவைத்த மழைநீரோ, குடிநீர்த் தொட்டியின் தண்ணீரோ இந்த வேலைக்கு வேண்டும்.