பாண்டிச்சேரியில் பத்து ரூம் ஹோட்டலில் தங்குவது எப்படி: கொங்குப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

நம்ம பக்கத்தில் மலை உண்டு, ஆறு உண்டு, கடல்தான் இல்லை. அதனால் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல வந்தால் ஊட்டி, வால்பாறை அலுத்துப்போனவர்கள் ராத்திரி பஸ் பிடித்து பாண்டிச்சேரியில் போய் இறங்குகிறார்கள். அங்கே ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியிலும் தமிழர் தெருக்களிலும் பழைய வீடுகளைச் சீர்செய்து எட்டு ரூம், பத்து ரூம் என்று சின்ன பொட்டிக் ஹோட்டல்களாக நடத்துகிறார்கள். முற்றம், தூண், திண்ணை, சுவரெல்லாம் காகிதப்பூ, படத்தில் பார்த்தாலே புக் பண்ணத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பெரிய ஹோட்டலில் இரண்டாம் மாடி ரூமும் மூன்றாம் மாடி ரூமும் ஒரே அச்சு. இந்தப் பழைய வீடுகளில் ஒரு ரூம் மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று தெருவைப் பார்த்து பால்கனியோடு இருக்கும், பக்கத்து ரூமுக்கு ஜன்னலே முற்றத்துக்குள்தான், அதே வாடகையில் மூன்றாவது ஒன்று அடுப்படிக்கு மேலே இருக்கும். எந்த ரூம் என்று கேட்டு வாங்க வேண்டும், அதற்கு ஃபோனில் பேசியே ஆக வேண்டும்.

ஃபோன் நம்பரை எடுப்பதிலேயே கவனம் வேண்டும். ஹோட்டல் பெயரில் போலி வெப்சைட், போலி நம்பர் போட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிற கூட்டம் இருக்கிறது. மேப்பில் இருக்கும் நம்பரும் புக்கிங் ஆப்பில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், ஜிபேயில் பணம் போடும்போது திரையில் வரும் பெயர் ஹோட்டலுக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவருடையதாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வழியுண்டு.

சரி, என்ன கேட்பது? "ஏனுங்க, எங்களுக்கு எந்த ரூம் குடுப்பீங்க, அதோட படம் மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று முதலில் கேளுங்கள். அனுப்ப மாட்டேன் என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. ஜன்னல் எந்தப் பக்கம், ரிசப்ஷனும் அடுப்படியும் எவ்வளவு தூரம், மாடி என்றால் படி எப்படி. இந்தக் கடைசிக் கேள்வியை அப்பாருவையும் அம்மாயியையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் விடவே கூடாது. பழைய வீட்டு மரப்படிகள் செங்குத்தாக, குறுகலாக இருக்கும், பாதி இடங்களில் லிஃப்ட் கிடையாது. கீழ் ரூம் இருந்தால் அதையே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொடிசுகள் இருந்தால் முற்றத்தில் திறந்த தொட்டியோ குளமோ இருக்கிறதா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். சில இடங்களில் சின்னக் குழந்தைகளைச் சேர்ப்பதே இல்லை, அதை அவர்கள் வெப்சைட்டின் அடியில் எங்கோ போட்டிருப்பார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டுமா என்பதும் முக்கியம். ஈரோட்டு வெயிலைத் தாங்குகிற ஆளுக்கும் மே மாதக் கடற்கரைப் புழுக்கம் ஒத்துக்கொள்ளாது.

இடம் எங்கே என்பதையும் மேப்பை விரித்துப் பார்த்துவிடுங்கள். புக்கிங் ஆப்பில் பாண்டிச்சேரி என்று போட்டிருப்பதில் பல, செரினிட்டி பீச் பக்கம் கோட்டக்குப்பத்தில் இருக்கும். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. மோசமான இடம் என்று சொல்லவில்லை, அமைதி வேண்டுமானால் அதுவே மேல். ஆனால் சாயங்காலம் பீச் ரோட்டில் நடக்கலாம் என்று நினைத்து எடுத்தவர்கள் ஆட்டோவுக்கு அழுதுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாடகை விஷயத்தில் நம்ம ஆட்கள் பேரம் பேசாமல் இருக்க மாட்டார்கள், பேசட்டும். ஆனால் சனி, ஞாயிறு சென்னை, பெங்களூர் கார்களால் ஊர் நிரம்பிவிடும், அப்போது நூறு ரூபாய்கூடக் குறையாது. காசுக்குப் பதில் நேரத்தைக் கேளுங்கள், காலையில் சீக்கிரம் ரூம், மதியம் கொஞ்சம் தாமதமாகக் காலி செய்வது, அல்லது காலைச் சாப்பாடு. ஆப்புக்குக் கமிஷன் கொடுக்காமல் நேரடியாக வருகிற ஆளுக்கு இதைச் செய்ய அவர்களுக்கும் மனசு இருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை என்றால் காசும் குறையும். அப்புறம் வரிக்கணக்கு. ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அதாவது 7,400 ரூபாய் ரூமுக்கு மொத்தம் 7,770, வெறும் இருநூறு ரூபாய் கூடுதலாக 7,600 சொன்னால் 8,968. திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறவர்கள் பில்லை கம்பெனி பெயரில் கேட்டு வாங்குவதைப் பார்க்கிறேன். ரூம் வாடகைக்கு வரி ஹோட்டல் இருக்கும் இடத்துக்குத்தான், ஜிஎஸ்டியில் பாண்டிச்சேரியின் மாநிலக் கோடு 34, நம்முடையது 33. தமிழ்நாட்டுப் பதிவில் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. செலவுக்கணக்குக்கு ஆகும், அவ்வளவே.

எப்போது போவது? பனியன் கம்பெனிகள் தீபாவளிக்கு லீவு விடும்போதுதான் நம்ம ஊரே கிளம்பும், அந்த நேரம்தான் அங்கே வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தெருவெல்லாம் தண்ணீர். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை போகிறவர்கள் இலவசமாக ரத்து செய்யக்கூடிய புக்கிங்காகவே போடுங்கள், ரூபாய் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. புது வருஷ ராத்திரி, ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்தநாள், மாசி மகம், இந்த நாட்களில் கூட்டம் வேண்டும் என்பவர்கள் மட்டும் போகலாம். பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடுநாட்களில் போவதுதான் என் தேர்வு.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு நிஜமான தொந்தரவு விடிகாலையில்தான் ஆரம்பிக்கிறது. கோயமுத்தூரில் ராத்திரி ஒன்பது, பத்துக்கு ஏறினால் பஸ் ஐந்து, ஆறு மணிக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும், ரூம் கிடைப்பது பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோ. பெரிய ஹோட்டலில் லாபி இருக்கும், இங்கே இருப்பது ஒரே ஒரு வாட்ச்மேன், அவரும் தூக்கத்தில் இருப்பார். கதவைத் தட்டி அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, சாவி அவரிடம் இல்லை. கிளம்பும் முன்பே ஃபோனில் சொல்லி, பை வைக்க ஒரு மூலையும் குளிக்க ஒரு பாத்ரூமும் கேட்டு, அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகப் போட்டு வையுங்கள். பையை வைத்துவிட்டு நேரே பீச் ரோட்டுக்கு நடங்கள். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் ரோடு முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். சூரியன் கடலில் எழும்புவதைப் பார்த்துவிட்டு மணக்குள விநாயகரைக் கும்பிட்டு, ஒரு டிபனும் முடித்தால் ஒன்பது மணி ஆகிவிடும். பாரதி பூங்கா நிழலில் ஒரு மணி நேரம் உட்காரலாம். பத்து மணிக்கு மேல் ஹோட்டலுக்குப் போய், முந்தின நாள் ஆள் காலி செய்துவிட்டாரா என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பெரும்பாலும் சீக்கிரமே ரூம் கொடுத்துவிடுவார்கள்.

உள்ளே போகும்போது பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். பான் கார்டில் முகவரி இல்லாததால் ஏற்க மாட்டார்கள். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க் பண்ணிய பிரதியை ஆதார் வெப்சைட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைக் கொடுங்கள்.

இப்படி ஒரு வீட்டில் தங்குவது ஒரம்பரை வீட்டுக்குப் போன மாதிரிதான், சத்தம் எல்லாருக்கும் கேட்கும். முற்றத்தில் நின்று ஊருக்கு ஃபோன் பேசினால் பத்து ரூமுக்கும் நம்ம தோட்டத்துக் கதை தெரிந்துவிடும். மரத்தளம் போட்ட மாடியில் குழந்தைகள் குதித்தால் கீழே இருப்பவர் தலைமேல் குதித்த மாதிரி இருக்கும். பத்துப் பதினைந்து பேராகப் போகிறீர்களா, முழு வீட்டையும் எடுத்துவிடுங்கள், யாருக்கும் கூச்சம் இல்லை. விடிய நாலரைக்கு எழுந்து காபி தேடுகிறவர்கள் ரூமில் கெட்டில் கேட்டு வாங்கி வையுங்கள், அடுப்படி எட்டு மணிக்குத்தான் திறக்கும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் திரும்புவதானால் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடலிலிருந்து வந்தால் வெளிக்குழாயில் காலைக் கழுவிவிட்டு ஏறுங்கள், ரூம் டவலைக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். உப்புக் காற்றில் ஈரத்துணி ஒரு நாளில் காயாது, உடுப்பு ஒரு செட் கூடவே இருக்கட்டும்.

கடலைப் பற்றி இதைச் சொல்லியே ஆக வேண்டும். பீச் ரோட்டை ஒட்டிக் குளிக்க இடமில்லை. துறைமுகம் கட்டிய பிறகு மணல் அரித்துப்போய்ப் பெரும்பகுதி கருங்கல்தான். தலைமைச் செயலகம் பக்கம் செயற்கைத் திட்டு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, கால் நனைக்கலாம். பாறையில் பாசி, செல்ஃபிக்கு இறங்க வேண்டாம். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகிய நம்ம பையன்கள்தான் செரினிட்டி, பாரடைஸ் பீச் பக்கம் போய் ஆழத்துக்குப் போகிறார்கள். வாய்க்கால் தண்ணீர் ஒரு பக்கமாக இழுக்கும், கடல் கரையிலிருந்து உள்ளே இழுக்கும். அப்படி இழுத்தால் கரையைப் பார்த்து நீந்திச் சலிக்காதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். ஹோட்டல் பையனிடம் இன்றைக்குக் கடல் எப்படி என்று கேளுங்கள், உள்ளூர் மீனவர்களிடம் அவன் ஒரு ஃபோனில் கேட்டுச் சொல்லிவிடுவான்.

கார் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீடுகளில் பார்க்கிங் கிடையாது, தெருவில் கிடைத்த இடம்தான், டிரைவர் தூங்கவும் இடம் இருக்காது, அதையும் முன்பே கேளுங்கள். திரும்பும்போது பாட்டில் எதையும் டிக்கியில் போடாதீர்கள், பாண்டிச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம், செக்போஸ்ட்டில் வண்டியோடு நிற்க வேண்டிவரும். பெட்ரோல் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, டேங்கை நிரப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் கிளம்பிவிட்டால் கள்ளக்குறிச்சி, ஆத்தூர் தாண்டி சேலத்தில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடலாம்.