கனடாவின் ஒன்ராறியோவில் சண்டையில்லாத விவாகரத்து: நடைமுறையும் செலவும்

இலங்கையில் விவாகரத்து கேட்டால் பெரும்பாலும் ஒருவர் மற்றவர் மேல் குற்றம் சொல்லவேண்டும். வேறு தொடர்பு, கைவிட்டுப் போனது என்று ஏதாவது. அதே நினைப்போடு இங்கேயும் சட்டத்தரணியிடம் போய்ப் பழைய கதையெல்லாம் கொட்டத் தேவையில்லை. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தால் போதும். மனுப் போடுவதற்கு முந்தைய ஒரு வருடம் இருவரில் ஒருவராவது ஒன்ராறியோவில் வசித்திருக்க வேண்டும். கலியாணம் யாழ்ப்பாணத்தில் நடந்திருந்தாலும் இங்கே தீர்க்கலாம்.

பிரிந்து வாழ வேறு வீடு எடுக்கவேண்டும் என்றில்லை. ஸ்காபரோ வாடகைக்கு யாரால் முடியும்? ஒருவர் மேலே, மற்றவர் பேஸ்மென்ற்றில். படுக்கை வேறு, சமையல் வேறு, கணக்கு வேறு என்றிருந்தாலும் பிரிவுதான். அந்தத் திகதியைக் குறித்து வையுங்கள். நடுவில் பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்து, திரும்பவும் சரிவராமல் போனால்? சேர்ந்திருந்த காலம் மொத்தம் 90 நாட்களைத் தாண்டாவிட்டால், வருடக் கணக்கை முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை.

இருவரும் சேர்ந்து கூட்டு மனுப் போடுவதுதான் சுகம். தனியாகப் போட்டால் பத்திரங்களை நீங்களே கொண்டுபோய் நீட்ட முடியாது; வேறொருவர் நேரில் கொடுக்கவேண்டும். கனடாவுக்குள் இருப்பவருக்குப் பதில் போட 30 நாள், இலங்கையிலோ இந்தியாவிலோ இருந்தால் 60 நாள். அதற்குள் பதில் வராவிட்டால் வழக்கு எதிர்ப்பில்லாமலே நடக்கும். பெரும்பாலும் யாரும் நீதிபதி முன் போய் நிற்கவேண்டி வராது, எல்லாம் தாளிலேயே முடிந்துவிடும்.

நீதிமன்றக் கட்டணம் 669 டொலர். மனுப் போடும்போது 224, கோப்பு நீதிபதியிடம் போகும்போது 445. வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். சட்டத்தரணி ஒரு தொகை சொன்னால், இந்த 669-உம் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரியும் அதற்குள் அடக்கமா என்று முதலே கேளுங்கள். திருமணச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், மொழிபெயர்த்தவரின் சத்தியக்கடதாசியோடு மொழிபெயர்ப்பும் வேண்டும். அது தனிச் செலவு.

கோப்பு தடைப்படுவது பெரும்பாலும் பிள்ளைகள் விஷயத்தில்தான். "எனக்கு அவருடைய காசு வேண்டாம்" என்று தாய் ரோசத்தில் எழுதிக் கொடுத்தால் நீதிபதிக்கு அது போதாது. பராமரிப்புப் பணம் பிள்ளைக்குரியது. வருமானத்துக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ற அட்டவணை இருக்கிறது. ஒழுங்கான ஏற்பாடு தெரியும்வரை தீர்ப்பு வராது.

கணவனோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து வந்து பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்தவர்கள், விவாகரத்தானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வாய் திறப்பதில்லை. உண்மையான கலியாணம் பிறகு முறிந்தது என்பதற்காகப் பி.ஆர். போகாது. வந்தவரின் செலவுக்கு ஸ்பொன்சர் செய்தவர் ஏற்ற மூன்று வருடப் பொறுப்பும் விவாகரத்தோடு தீர்ந்துவிடாது.

தீர்ப்பு வந்து 31ஆம் நாள்தான் விவாகரத்து செல்லுபடியாகும். அதன்பிறகு சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். மறுமணத்துக்கு மண்டபம் பதிகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். வீடு, சேமிப்பு பிரிக்காமல் விட்டிருந்தால், விவாகரத்தான இரண்டு வருடத்துக்குள் அல்லது பிரிந்த ஆறு வருடத்துக்குள், எது முந்தியோ அதற்குள் வழக்குப் போடுங்கள்.