ஆண்டு மாநாட்டுக்கு முதன்முறை செல்லும் இளம் ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் பலர், அறிவியல் சங்கங்களின் ஆண்டு மாநாட்டுக்கு ஆய்வு முழுவதும் முடிந்த பிறகே போக வேண்டும் என்று கருதுகிறார்கள். என் பார்வையில் முதல் தவறு இதுதான். பாதியில் நிற்கும் ஆய்வைத் துறை அறிந்தவர்கள்முன் வைத்து, அதன் குறைகளை நேரில் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அடுத்தது, உதவி இருந்தும் கேட்காமல் விடுவது. வியன்னாவில் கூடும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாட்டில், பயண உதவி கோருவோருக்கான கடைசி நாள், ஆய்வுச் சுருக்கத்துக்கான பொதுவான கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும். பொதுவான நாளை மட்டும் குறித்துவைத்திருப்பவர் அந்த உதவியை இழந்துவிடுகிறார். தாம் இளம் ஆய்வாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டோம் என்று தாமாகவே ஒதுங்குவோரும் உண்டு. அந்த ஒன்றியம், தம் மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்று 7 ஆண்டுகளுக்குள் இருப்போரை இளம் ஆய்வாளராக ஏற்கிறது. அக்காலத்தில் குழந்தைக்காகப் பெற்றோர் விடுப்பில் இருந்திருந்தால் குழந்தை ஒன்றுக்கு ஓராண்டுவரை கூட்டிக்கொள்ளலாம். குழந்தை வளர்ப்புக்காக ஆய்வகத்திலிருந்து விலகியிருந்த சகோதரிகள் இதைத் தெரியாமலே விண்ணப்பிக்காமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பயண உதவி கிடைத்தாலும், பல சங்கங்கள் மாநாடு முடிந்து ரசீதுகளைப் பார்த்த பிறகே பணம் தருகின்றன. மாத உதவித்தொகையில் வாழும் மாணவர் விமானச் சீட்டு, தங்குமிடம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டிவிட்டுத் தவிக்காமல், முன்பணம் கிடைக்குமா என்று துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் விசாவையும் தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தரக்கூடிய தவறு காப்புரிமை தொடர்பானது. புதிய கருவியையோ மருந்து மூலக்கூற்றையோ காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே, மாநாட்டில் ஆய்வை விளக்கி ஒட்டும் போஸ்டரில் காட்டிவிட்டால், அது பொதுவெளியில் வெளியிட்டதாகவே கொள்ளப்படும். அப்படி வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் 12 மாதச் சலுகைக் காலம் தருகிறது என்பதை நம்பியிருந்தால், அத்தகைய பொதுச் சலுகை இல்லாத ஐரோப்பாவில் உரிமை கைநழுவிப் போகலாம். அச்சிட்ட ஆய்வுச் சுருக்கத்துக்கும் இது பொருந்தும் என்பதால், சுருக்கத்தை அனுப்பும் முன்பே வழிகாட்டியிடமும் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உரிமப் பிரிவிடமும் பேசிவிடுவது அவசியம்.



உள்ளூரில் நடக்கும் மாநாட்டை அலட்சியமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. ஆசிய ஓசியானியப் புவி அறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரிலேயே நடந்தது. இத்தகைய கூட்டங்களில் விமானச் செலவும் விசாவும் இல்லாத உள்ளூர் மாணவர், தம் உரை முடிந்ததும் எம்ஆர்டி ரயில் ஏறி ஆய்வகம் திரும்பிவிடுகிறார். தேநீர் இடைவேளையிலும் தம் குழுவினரோடு மட்டுமே நிற்கிறார். சந்திக்க விரும்பும் மூன்று பேருக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, பதினைந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்; அவர்கள் கேட்கும் கேள்விகளை அன்றிரவே எழுதிவைத்து, விடை கிடைத்ததும் அவர்களுக்கே எழுதுங்கள்.