லோடர் தூக்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

முன்னால் லோடர் (மண் அள்ளும் பக்கெட்டும் அதைத் தூக்கும் கைகளும்) மாட்டிய சின்ன டிராக்டர் திடீரென்று மண்ணைத் தூக்க மறுத்தால் நம் ஆட்கள் முதலில் சொல்வது "பம்ப் போச்சு" என்பதுதான், அதாவது எண்ணெயை அழுத்தித் தள்ளி லோடரைத் தூக்க வைக்கிற ஹைட்ராலிக் பம்ப். பினாங்கு நிபோங் திபாலில் மாமாவின் செம்பனைத் தோட்டத்திலும் இதே கதை. புது பம்ப் வாங்கி மாட்டியும் லோடர் பழையபடியே திணறியது, கடைசியில் பார்த்தால் பம்புக்கு எண்ணெய் போகிற வழியில் இருக்கும் ஃபில்டர் முழுக்க அடைத்திருந்தது. பம்பைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

எண்ணெய் அளவைப் பார்க்கும்போது வண்டி சமதரையில், எஞ்சின் நின்று, பக்கெட்டும், கலப்பை போன்றவற்றை மாட்டித் தூக்குகிற பின்பக்க த்ரீ பாயிண்டும் கீழே இறங்கி இருக்க வேண்டும். லோடரைத் தூக்கி வைத்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் போன எண்ணெய் கணக்கில் வராது, குறைகிறது என்று நினைத்து அளவுக்கு மேல் ஊற்றிவிடுவோம். எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வையுங்கள். சற்று நேரத்தில் தெளிந்தால் உள்ளே போனது காற்று, தெளியவே இல்லை என்றால் தண்ணீர். பினாங்கு மழையில் வெளியே நிற்கிற வண்டிக்குத் தண்ணீர் கலப்பது சகஜம், எண்ணெய், ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிடுங்கள். காற்று என்றால் பம்ப் உறிஞ்சுகிற பக்கத்துக் குழாயில் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அங்கே வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமலே காற்று உள்ளே போகும், பம்பும் ஊளையிடும். அப்புறம், கையில் கிடைத்த ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றாதீர்கள். பல சின்ன டிராக்டர்களில் கியரும் எண்ணெயில் மூழ்கிய பிரேக்கும் அதே எண்ணெயில்தான் ஓடுகின்றன, கையேட்டில் சொன்ன வகைதான் வேண்டும்.

சரி, எண்ணெய் நன்றாக இருக்கிறது. இப்போது த்ரீ பாயிண்ட்டைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதே பம்ப்தான் அதையும் தூக்குகிறது, அது நன்றாகத் தூக்கினால் பம்ப் பெரும்பாலும் நல்லதுதான், லோடர் பக்கம் தேடுங்கள். லோடரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் கோளாறு என்றால் எண்ணெய்க் குழாய்களைச் சட்டென்று இணைக்கிற குயிக் கப்ளர்களைப் பாருங்கள்: ஒன்று முழுதாக உட்காராவிட்டாலும் உள்ளே இருக்கிற வால்வு மூடிக்கொள்ளும், பக்கெட் ஒரு திசையில் மட்டும் அசையும் அல்லது அசையவே அசையாது. வெயிலில் கிடந்த லோடரில் அடைபட்ட எண்ணெய் விரிந்து கப்ளர் மாட்டவே விடாது, அதனால் கழற்றும்போதே பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, லீவரை நாலு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிடுங்கள்.

பலம் போதவில்லை என்று, அழுத்தம் அளவு மீறாமல் எண்ணெயைத் திருப்பி விடுகிற ரிலீஃப் வால்வை முறுக்காதீர்கள், அழுத்தம் காட்டும் கேஜ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். குழாய் வெடிக்கும், லோடர் கையே வளையும்.

தூக்கி நிறுத்திய பக்கெட் மெல்ல இறங்குகிறது என்றதும் சிலிண்டர் சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்ற ஓடுகிறோம். லீவர் இயக்குகிற கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலைச் சுற்றி இடைவெளி இருப்பதால் கொஞ்சம் இறங்குவது இயல்பு, வேகமாக இறங்கினாலும் வால்வைத்தான் முதலில் பாருங்கள். அதற்காகத் தூக்கிய பக்கெட்டின் அடியில் போகவே கூடாது.

கசிவைக் கையால் தடவித் தேடுவதுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்துகிறது. இந்த வண்டிகளில் பல 2,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் ஓடுகின்றன, ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டித் தேடுங்கள். குத்திவிட்டால் வலி இல்லாவிட்டாலும், சின்னப் புள்ளிதானே தெரிகிறது என்றாலும், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.