காட்டுக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பொதுக் காடுகளைப் பராமரிக்கத் தன்னார்வலர்களாக வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கலும் பல நேரம் அதில்தான். வீட்டு வாசலைப் போலக் காட்டையும் பளிச்சென்று பெருக்கிவிடப் பார்க்கிறார்கள்.

பிளாஸ்டிக் பொறுக்கும்போது சருகையும் காய்ந்த கிளைகளையும் சேர்த்து மூட்டை கட்டாதீர்கள். மட்கும் கட்டையின் பட்டைக்கு அடியில் வண்டுப் புழுக்களும் பூஞ்சை இழைகளும் இருக்கும். பட்டுப்போன மரத்தில் மரங்கொத்தி பொந்து குடையும். அது காலி செய்த பிறகு ஆந்தையோ மைனாவோ குடியேறும். அப்படிப்பட்ட மரம் நடைபாதைமேல் சாய்ந்து நிற்கிறதா? பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், நீங்களே வெட்ட வேண்டாம்.

அதிகம் சொதப்புவது அந்நியச் செடிகளை அகற்றுவதில். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து உலகமெங்கும் பரவிய உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் உயரத்தில் அரிவாளால் வெட்டிவிட்டுப் போனால், அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தண்டு வேரோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வெட்ட வேண்டும். பிறகு புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும். பழம் பிடித்திருக்கும்போது காடு முழுக்க இழுத்துக்கொண்டு போகக் கூடாது, வழியெல்லாம் விதைத்த கணக்காகிவிடும். இவ்வளவு செய்தாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் முளைக்கும். அதனால் மழைக்குப் பின் மறுபடி வந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகும் பெரிய கூட்டத்தைவிட, திரும்பத் திரும்ப வரும் நாலு பேர் மேல். அப்புறம், அடையாளம் சரியாகத் தெரியாத செடியில் கை வைக்காதீர்கள். அது அந்தக் காட்டு மரத்தின் கன்றாகவே இருக்கலாம்.

வெட்டவெளியைக் கண்டாலே மரம் நடத் துடிப்பதும் வேண்டாம். காட்டுக்கு நடுவே இருக்கும் புல்வெளி பல இடங்களில் இயற்கையானது. அங்கே மரம் நட்டால் புல்லை நம்பிய உயிர்களின் இடம் போகும். விதைப்பந்து வீசுவதும் அப்படித்தான். எந்த விதை, எங்கே என்று கேட்காமல் வீசக் கூடாது.

கூடு, அரிய ஆர்க்கிட் போன்றவற்றைப் படம் எடுத்தால், இருக்குமிடத்தைப் போட்டு இணையத்தில் பகிராதீர்கள்.

பலர் யோசிக்காத ஒன்று செருப்பும் ஷூவும். நியூசிலாந்தில் கௌரி (kauri) என்ற பெரிய காட்டு மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமி மண்ணோடு மண்ணாகக் காலணியில் ஒட்டிப் பரவுகிறது. அதனால் அந்தக் காடுகளின் பாதை முகப்பிலேயே ஷூவைத் தேய்த்துக் கழுவ வசதி வைத்திருக்கிறார்கள். உங்கள் காட்டில் அப்படி ஏதும் இல்லையென்றால், ஷூவையும் மண்வெட்டியையும் வீட்டிலேயே கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். ஓடையில் கழுவ வேண்டாம்.