மார்பில் கட்டி தெரிந்தால்: பரிசோதனைக்கும் பணத்துக்கும் எந்த வரிசையில் போவது

என் அத்தைக்கு மார்பில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லையே என்று எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்புறம் நகையை அடகு வைத்து, ஒரு தனியார் மருத்துவமனையில் ரொக்கமாகக் கட்டி ஆபரேஷன் முடிந்த பிறகுதான் காப்பீட்டு அட்டை நினைவுக்கு வந்தது. கட்டின பணம் கட்டினதுதான்.

மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் மார்பு இளகி இருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், குளிக்கும்போது விரல்களின் உட்பகுதியால் அக்குள் வரை தடவிப் பாருங்கள். கட்டி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம், ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகத் தோல், இதில் எது புதிதாகத் தெரிந்தாலும் அந்த வாரமே டாக்டர். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை, ஆனால் அதை ஸ்கேனும், ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா இல்லை. ஊசி போட்டால் நோய் பரவும் என்று பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள், அது உண்மையில்லை. 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள்.

சரி, பணம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உதவித் தொகை எல்லாமே பொதுவாகச் சிகிச்சைக்கு முன்னால் கேட்க வேண்டியது, அது மருத்துவமனைக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சேரப்போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குச் சொன்ன ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு மூன்றுக்கும் அங்கே அனுமதி வாங்கித் தருவார்களா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, கட்டணமில்லா எண்.

காப்பீடு போதவில்லையா? சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய தொண்டு நிறுவனம், வசதியில்லாதவர்களுக்கு அங்கே கட்டணச் சலுகை உண்டு. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் எழுதலாம், டாக்டர் கையெழுத்திட்ட செலவு மதிப்பீடும் வருமானச் சான்றும் கேட்பார்கள். ஏற்கெனவே செலவழித்ததை அவர்கள் தருவதில்லை, முழுச் செலவையும் எதிர்பார்க்க வேண்டாம். இந்தியன் கேன்சர் சொசைட்டி போன்ற அறக்கட்டளைகளின் விண்ணப்பம் பெரும்பாலும் மருத்துவமனை வழியாகத்தான் போகும், அதனால் முதல் நாளே அங்குள்ள சமூகப் பணியாளரைத் தேடிப் பிடியுங்கள். டாக்டருக்கு அடுத்தபடியாக உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. அதற்கான படிவத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, முன்பதிவு கவுன்டரில் கொடுங்கள்.